ஓராண்டு ஆயுளும் எழுபதாண்டு ஆயுளும்

பிளஸ் டூ பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில், ‘ஆர் வகை, கே வகை’ அட்டவணை குறித்துத் திருவண்ணாமலை வட்டார மாணவர்களிடமிருந்து வரும் கடிதங்கள், சிறிய பைப்பாலூட்டியான ஆன்டிகைனஸையும் பெரிய கடற்பறவையான அல்பட்ராஸையும் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று கேட்கின்றன. உடல் சிறுத்த ‘ஆர்’ வகை விரைவில் பெருகி விரைவில் மடியும், பெருத்த ‘கே’ வகை நிதானமாக ஈன்று நெடுங்காலம் வாழும் என்ற வரையறை மதிப்பெண்ணுக்குப் போதுமே தவிர, உண்மைக்குப் போதாது. ஏனெனில் ஆண் ஆன்டிகைனஸ்கள் ஓராண்டு நிறையும் தறுவாயில் கூண்டோடு மடிய, அவற்றைவிடச் சிறிய பெண்களில் சில இரண்டாம் ஆண்டையும் காண்கின்றன.

கடைவீதிச் சாக்கடையோரம் ஓடும் மூஞ்சூறைப் போலக் கூர்மூக்குடன் ஆஸ்திரேலியக் காடுகளில் வாழும் இவ்வுயிரியின் இணைசேரும் பருவம் சில வாரங்களே நீடிக்கிறது. கார்ட்டிசால் என்பது நெருக்கடியில் உடலின் சேமிப்பைக் கரைத்து ஆற்றலாக்கும் சுரப்பு. அது அளவு மீறினால் மூளை அடக்கும், குருதிப் புரதம் ஒன்றும் அதன் பெரும்பகுதியைப் பிணைத்து வைக்கும். ஆண் ஆன்டிகைனஸிலோ, ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் உயர உயர அப்புரதம் குறைந்து, மூளையின் கடிவாளமும் தளர்வதால், கட்டவிழ்ந்த கார்ட்டிசால் இரை தேடாமலே பல மணி நேரம் இணைசேரும் வலிமையைத் தருகிறது. அதுவே தசையைக் கரைத்து, நோய் எதிர்ப்பாற்றலைக் குலைத்து, இரைப்பையைப் புண்ணாக்கிக் கொல்லவும் செய்கிறது. விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண்கள் பிழைத்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளதால், இச்சாவுக்கு உடலின் அளவைக் காரணம் காட்ட இடமில்லை. பூச்சிகள் மலியும் காலத்தில் குட்டிகள் பால்குடி மறக்கும்படி பெண்கள் யாவும் ஒரே நேரத்தில் இணைசேர்வதால், ஆண்களுக்கு இடையிலான போட்டி இந்த எல்லைக்கு முற்றியது என்று டயானா ஃபிஷர் குழுவினர் 2013-இல் விளக்கினர்.

அலையும் அல்பட்ராஸ் என்ற பெரிய இனம் ஏறத்தாழப் பத்து வயதில்தான் ஈனத் தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒரே முட்டையிடுவதால், கப்பல்களின் நெடுந்தூண்டிலில் சிக்கிச் சாகும் ஒவ்வொரு முதிர்ந்த பறவையும் எளிதில் ஈடுசெய்ய இயலாத இழப்பாகும். ஆயினும் நீண்ட ஆயுளுக்குப் பேருடல் கட்டாயமில்லை. மூன்று கிலோ அளவே எடையுள்ள லேசான் அல்பட்ராஸ் இனத்தில், 1956-இல் மிட்வே தீவில் வளையமிடப்பட்ட ‘விஸ்டம்’, ஏறத்தாழ 74 வயதில், 2024 இறுதியில் முட்டையிட்டது.

இனி, கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள். இந்தியக் காடுகளில் பைப்பாலூட்டி உண்டா? இல்லை.

அல்பட்ராஸ் தமிழகக் கரைக்கு வந்ததுண்டா? தென்கடல் இனம் ஒன்று 2020-இல் ராமேசுவரம் தீவில் காணப்பட்டு, அவ்வினத்துக்கு ஆசியாவின் முதல் பதிவானது.

விடைத்தாளில் எதை எழுதுவது? ஆன்டிகைனஸை ‘ஆர்’ என்றும் அல்பட்ராஸை ‘கே’ என்றும் எழுதலாம்.