மூளைக்காய்ச்சல்: ஒரு சொல், பல நோய்கள்

காய்ச்சல், கடுந்தலைவலி, வாந்தி ஆகியவற்றோடு ஒருவர் நினைவு தடுமாறினால் ‘மூளைக்காய்ச்சல்’ என்கிறோம். குமரி மாவட்டத்துக் கடலோர ஊரான இனயத்திலும் இதுவே வழக்கு. மருத்துவமோ இதனைப் பிரித்தே நோக்குகின்றது. மூளையைப் போர்த்தும் சவ்வுகளில் ஏற்படுவது மூளையுறை அழற்சி. கழுத்து விறைப்பு அதன் முதன்மைக் குறி. மூளைத்திசுவிலேயே ஏற்படுவது மூளை அழற்சி. இதில் பேச்சும் நடத்தையும் பிறழும்.

இது வெறும் கலைச்சொல் வேறுபாடன்று. இந்தியாவில் முதன்முதலாக 1955இல் வேலூரில் அறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வைரசால் விளையும் மூளை அழற்சியாகும். நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் அவ்வைரசைப் பன்றி, நீர்ப்பறவை ஆகியவற்றிடமிருந்து மனிதருக்குக் கடத்துகின்றன. அதற்குத் தனி மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. அத்தடுப்பூசி பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சியைத் தடுக்காது. 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தின்கீழ் தமிழகத்திலும் கேரளத்திலும் அறிமுகமான பென்டாவேலன்ட் தடுப்பூசியும் அவ்வழற்சியில் ‘ஹிப்’ கிருமியால் வருவதை மட்டுமே தடுக்கும். ‘மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாயிற்று’ என்று அமைதியடையும் பெற்றோர் ஏமாறுவது இச்சொல்லின் மயக்கத்தால்தான் என்பது என் கருத்து. பாக்டீரியா வகைக்கு ஆன்டிபயாடிக் உண்டு. எனினும், சில மணி நேரத் தாமதமே உயிரையோ செவித்திறனையோ பறிக்கக்கூடும். முதுகுத்தண்டிலிருந்து நீரெடுத்துச் சோதிப்பதே வகையறிய உறுதியான வழி. கால் செயலிழக்கும் என அஞ்சிப் பலர் அதனை மறுக்கின்றனர். நீரெடுக்கும் ஊசியோ தண்டுவடம் முடியுமிடத்திற்குக் கீழேதான் செலுத்தப்படுகின்றது.

எல்லைக்கு அப்பால் நெய்யாற்றின்கரையில் 2024இல் அறியப்பட்ட அமீபா மூளைக்காய்ச்சல் இவ்விரண்டினின்றும் வேறானது. நெக்லேரியா என்னும் அமீபா குளத்து நன்னீருடன் மூக்கின் வழியே ஏறுகின்றது. அந்நீரைப் பருகுவதால் நோய் வருவதில்லை. கடல்நீரில் அது வாழ்வதில்லையாதலால், இனயத்தார் கவனிக்க வேண்டியது குளத்தையே.