வண்டி யார் பேரில் இருக்கிறது?



உள்கடன் கேட்டு வருகிற மனுக்களைப் பார்த்தாலே காலம் மாறியிருப்பது தெரிகிறது. முன்பெல்லாம் ஆடு வாங்க, கறவை மாடு வாங்க, பிள்ளைக்குக் காது குத்த என்று எழுதித் தருவார்கள். இப்போது 'வண்டி எடுக்க முன்பணம்' என்று வருகிறது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கூட்டத்துக்குப் போகும்போது நாம் ஒரு கேள்வி கேட்பதுண்டு.

"வண்டி யார் பேருல இருக்குக்கா?"

"எம் பேருலதான் மேடம். குழுக்கடன்ல எடுத்ததுல்ல."

"யாரு ஓட்டுறது?"

"மவன்தான்."

"அவனுக்கு என்ன வயசு?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பல இடங்களில் சிரிப்புதான் பதில். பத்தாவது படிக்கிற பையன், பதினொன்றாவது படிக்கிற பையன். "சின்ன வண்டிதானே மேடம், டி.வி.எஸ். ஃபிப்டிக்கு லைசென்ஸ் வேணாம்ல?" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார்.

இதைத்தான் இந்த மாதம் விவரமாகப் பேச வேண்டும் என்று நினைத்தோம்.

டி.வி.எஸ். 50 என்ற பெயர் நம் வாயில் நின்றுவிட்டது. வண்டி மாறிவிட்டது. 1980-ல் வந்த பழைய மொபட்டின் எஞ்சின் 50 சி.சி. இன்று கடையில் விற்கிற எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. சட்டத்தில் 16 வயது முடிந்த பிள்ளைக்கு இடம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். எக்ஸ்.எல். 100, ஸ்கூட்டி, பைக் எதுவானாலும் 18 வயது முடிந்திருக்க வேண்டும். லைசென்ஸே வேண்டாம் என்பது மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் போகிற, சக்தி குறைந்த சிறிய பேட்டரி வண்டிக்கு மட்டும்தான். பேட்டரி வண்டி எல்லாமே அப்படி என்று நினைத்துவிடக் கூடாது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். அதில் 199-ஏ என்று ஒரு புதிய பிரிவு வந்தது. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பிள்ளையின் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இன்னும் ஒன்று கவனியுங்கள். பெரியவர்கள் சம்மதித்துத்தான் அவன் எடுத்துப் போனான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 'எனக்குத் தெரியாது, நான் தடுத்துத்தான் வைத்திருந்தேன்' என்று நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு. தாயும் நாமே, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயரும் நம்முடையதே என்றால் வேறு யாரைக் கைகாட்ட முடியும்?

'சாவியை அவனாவே எடுத்துட்டுப் போயிட்டான்' என்று சொன்ன வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. வீட்டுக்கு வந்த சிறுவன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு போய் விபத்தில் மாட்டினான். ஒருவர் இறந்தார். வண்டி தவறான கையில் போகாமல் பார்த்துக்கொள்வது சொந்தக்காரரின் கடமை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி இறந்தவர் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தாலும், அதை வண்டிக்காரரிடம் திரும்ப வசூல் செய்துகொள்ளலாம் என்பதுதான் முடிவு.

நம் குழுவில் 50,000 ரூபாய் கடனைக் கட்டவே எத்தனை வாரம் நூறு நாள் வேலைக்கும் கதிர் அறுப்புக்கும் போகிறோம்! லட்சக்கணக்கில் நஷ்டஈடு என்று ஒரு தீர்ப்பு வந்தால் வீட்டுமனைதான் போகும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் இன்னொரு தவறான எண்ணம் இருக்கிறது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது வண்டிக்கு, எதிராளிக்கான இன்சூரன்ஸை 5 ஆண்டுக்குச் சேர்த்தே போட்டுத் தருகிறார்கள். அதனால் வருடா வருடம் கட்டுகிற பழக்கம் போய்விட்டது. ஆறாவது வருடம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. அதோடு, 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு என்று பாலிசியில் இருப்பது, சொந்தக்காரரே ஓட்டும்போது, அவரிடம் லைசென்ஸும் இருந்தால்தான். வண்டி அம்மா பேரில், ஓட்டுகிறவன் மகன் என்றால் அந்தப் பணத்தை நம்ப முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? வண்டி நம் பேரில் இருந்தால் நாமே ஓட்டக் கற்றுக்கொள்வோம். "இந்த வயசுல எனக்கா?" என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்துக் கதையையே சொல்கிறோம். 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் சைக்கிள் கற்பதையும் அதோடு சேர்த்தார். கல் உடைக்கிறவர்கள், பால்வாடி டீச்சர்கள், கிராம நர்சுகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரத்தில் பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். லேடீஸ் சைக்கிளை விட ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்களாம். முன்பக்கக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா! பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதி, நம் மாவட்டத்துப் பெண்களை வெளிநாட்டிலும் தெரிந்துகொண்டார்கள். இன்று அப்பத்தா ஆகிவிட்ட அவர்களில் சிலர் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

அன்று சைக்கிளுக்கு லைசென்ஸ் தேவைப்படவில்லை. இன்று தேவை, அவ்வளவுதான். இதற்குப் படிப்பு எதுவும் கேட்பதில்லை. எல்.எல்.ஆர். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இ-சேவை மையத்திலும் விண்ணப்பம் போட்டுத் தருகிறார்கள். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்து, 6 மாதத்துக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்ட வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கு எடுத்த லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டக் கூடாது, அது வேறு. 18 முடிந்த மகன், மகளுக்கும் இதே வழிதான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். ஓட்டக் கொடுத்தவருக்கும் தனியாக 5,000.

ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். 2022 அக்டோபர் முதல் நம் மாநிலத்தில் போடாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம். கொண்டை போட்டால் ஹெல்மெட் இறங்காது, பூ நசுங்கும் என்கிறார்கள். நியாயம்தான். பின்னலாகப் போட்டுக்கொண்டு, பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைக்குக் கீழ் வாரை மாட்டாவிட்டால், விழும்போது முதலில் பறந்து போவது ஹெல்மெட்தான்.

சேலை கட்டுகிற நமக்கு இன்னொரு ஆபத்து பின்சக்கரம். சக்கரத்தில் பாதியாவது மூடுகிற மாதிரி தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க இடமும் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் பையன்கள் ஸ்டைலுக்காகக் கழற்றிப் போடுவது இந்தத் தடுப்பைத்தான். அதைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுங்கள். துப்பட்டாவுக்கு ஊக்கு குத்துங்கள். 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையும் ஒரு ஆள் கணக்குத்தான். அம்மா, அப்பா, பிள்ளை என்று மூன்று பேர் போவது சட்டப்படி தப்பு. 4 வயதுக்குக் கீழ் என்றால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பெல்ட்டும், பிள்ளைக்கு ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது.

(ரோட்டில் உளுந்தும் சோளத்தட்டையும் காயப்போடுவது நாம்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். இருட்டில் அதில் ஏறினால் வண்டி சறுக்காமல் என்ன செய்யும்?)

பழைய வண்டியை விற்றவர்களுக்கு ஒரு செய்தி. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் விற்றதாக ஆகாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்று 2018-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாங்கியவர் எங்கோ மோதினாலும் நோட்டீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும். விற்ற கையோடு பெயர் மாற்றிவிடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வண்டி வைத்திருக்கிற உறுப்பினர்கள் எல்லோரும் ஆர்.சி.யையும் இன்சூரன்ஸ் பேப்பரையும் எடுத்து வாருங்கள். பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று ஊக்குநர் பார்த்துச் சொல்லுவார். எல்.எல்.ஆர். போட விரும்புகிறவர்களின் பெயரையும் அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வோம். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே நாளில் போய் வந்துவிடலாம்.