பெனிசிலினை வெளியே எடுத்தவர்

‘பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் ஃப்ளெமிங் என்றால், 1945ஆம் ஆண்டு நோபல் பரிசை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தது ஏன்?’ என்று பிளஸ் டூ படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மூன்று பேருமே போதாது என்பதுதான் என் கருத்து.

ஃப்ளெமிங் கதை எல்லோருக்கும் தெரியும். 1928, லண்டன், பூஞ்சை பிடித்த ஒரு தட்டு. பூஞ்சையைச் சுற்றி பாக்டீரியா அழிந்திருந்ததைப் பார்த்தார், மறு ஆண்டு கட்டுரை எழுதினார். ஆனால் பூஞ்சைச் சாறு மருந்தாகிவிடாது. 1932இல் ஹரோல்ட் ரெய்ஸ்ட்ரிக்கின் குழு பெனிசிலினை ஈதர் என்ற கரைப்பானுக்குள் கொண்டுவந்தது. ஈதரை ஆவியாக்கியதும் பெனிசிலினும் காணாமல் போனது. அத்தோடு விட்டுவிட்டார்கள்.

1939இல் ஆக்ஸ்ஃபோர்டில் மறுபடி தொடங்கியவர்கள் வெவ்வேறு வேலை தெரிந்தவர்கள். ஹோவர்ட் ஃப்ளோரி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நோய்க்கூறியல் பேராசிரியர். எர்ன்ஸ்ட் செய்ன், பெர்லினை விட்டு வெளியேறிய யூத உயிர்வேதியியலாளர். நார்மன் ஹீட்லியும் உயிர்வேதியியல் படித்தவர்தான். ஆனால் கிடைத்ததை வைத்துக் கருவி செய்துவிடும் கை அவருக்கு.

இனி விஷயத்துக்கு வருவோம். பூஞ்சைச் சாற்றை நெரிசலான டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய பயணி பெனிசிலின் மட்டும். அது வலுக்குறைந்த அமிலம். சாற்றில் அமிலம் சேர்த்தால் அதனோடு ஒரு ஹைட்ரஜன் அயனி ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் ஈதர் பஸ்ஸுக்கு அதுதான் டிக்கெட். பெனிசிலின் ஏறிவிடும், கூடவே சில அழுக்குகளும் ஏறிவிடும். அங்கிருந்து அதை மட்டும் இறக்குவது எப்படி?

ஹீட்லி சொன்ன யோசனை இது: ஈதரை லேசான காரத்தன்மையுள்ள தண்ணீரோடு குலுக்குங்கள். காரம் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொள்ளும். மின்னேற்றம் பெற்ற பெனிசிலின் ஈதரில் உட்கார முடியாமல் தண்ணீருக்குத் தாவிவிடும். அழுக்குகளில் பெரும்பகுதி ஈதரிலேயே தங்கிவிடும். ஒரு சிக்கல் உண்டு: டிக்கெட்டை அதிக நேரம் கையில் வைத்திருந்தால் பயணியே சிதைந்துபோவார், ஏனென்றால் அமிலம் பெனிசிலினை அழித்துவிடும். ஆகவே பஸ் குளிர்ந்திருக்க வேண்டும், பஸ் மாறுவதும் சட்டென்று முடிய வேண்டும். வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும் இந்த எளிமை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

செய்ன் முதலில் இதை நம்பவில்லை. ஆனால் தண்ணீருக்குத் திரும்பிய பெனிசிலினை உறையவைத்து உலர்த்திப் பழுப்புப் பொடியாக்கியது அவருடைய திறமை. 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளைச் செலுத்தினார்கள். நான்குக்கு மட்டும் பெனிசிலின். ஹீட்லி விடியற்காலை வரை கண்விழித்துப் பார்த்தார். மருந்து போடாத நான்கும் செத்தன; போட்ட நான்கும் அப்போது உயிரோடு இருந்தன.

போர்க்காலம் என்பதால் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. படுக்கை நோயாளிகளின் மலத்தட்டில்கூடப் பூஞ்சை வளர்த்தார்கள். நூலகம் கழித்துப்போட்ட புத்தக அலமாரியில் கண்ணாடிக் குழாய்களையும் பாட்டில்களையும் பொருத்தி, சாற்றையும் ஈதரையும் எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டார் ஹீட்லி. பாட்டில் தீர்ந்தால் மணி அடிக்கும்.

குழுவாக உழைத்தால் எதையும் சாதிக்கலாம் என்று மேடைகளில் பேசுகிறார்களே, அதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். செய்னுக்கும் ஹீட்லிக்கும் ஒத்தே போகவில்லை. ஃப்ளோரியிடம் நேரடியாகத்தான் வேலை செய்வேன் என்று ஹீட்லி நிபந்தனையே போட்டார். ஒற்றுமையைவிட, ஒருவர் முட்டி நின்ற இடத்தில் அடுத்தவருக்கு வழி தெரிந்திருந்ததே இங்கே வேலை செய்தது. அதைக் கண்டுகொண்டு ஆட்களைச் சேர்த்தவர் ஃப்ளோரி.

நோபல் பரிசை ஃப்ளெமிங், ஃப்ளோரி, செய்ன் மூவரும் பெற்றார்கள். மருத்துவர் அல்லாத ஹீட்லிக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1990இல் மருத்துவத்தில் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அதன் 800 ஆண்டு வரலாற்றில் மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அப்படிப் பட்டம் கொடுத்தது அதுவே முதல் முறை.