பெரிய துப்பாக்கியா, நம்பகமான துப்பாக்கியா? - ஜிம் கார்பெட்டின் உயிர் காத்த ரிக்பி!

எதிரே பாறை மேல் காயம்பட்ட ஆட்கொல்லிப் புலி. கையில் தோட்டா தீர்ந்த துப்பாக்கி. இந்த நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

1907-ம் ஆண்டு, இன்றைய உத்தரகாண்டின் சம்பாவத்தில் ஜிம் கார்பெட் அப்படித்தான் நின்றார். நேபாளத்திலும் குமாவுன் மலைகளிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலி அது. ஊர்த் தாசில்தார் 300 பேர் வரை திரட்டி, மலையில் சத்தம் எழுப்பிப் புலியைக் கிளப்பிவிட்டிருந்தார். இரண்டு தோட்டாவுக்கு மேல் தேவைப்படாது, மூன்றாவது ஆபத்துக்கு என்ற கணக்கில் கார்பெட் கொண்டு வந்திருந்தது மூன்றே மூன்று. மூன்றும் தீர்ந்தன. புலி விழவில்லை.

ஓடினார். தாசில்தாரின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடி வந்தார். புலியை நெருங்கி அதை உயர்த்தியபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழலுக்கும் அதன் பின்பகுதிக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளி! சுட்டால் குண்டு முன்னே போகுமா, துப்பாக்கி முகத்திலேயே வெடிக்குமா என்று சொல்ல முடியாத நிலை.

வேறு வழியில்லை. திறந்திருந்த புலியின் வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு போய்ப் பட்டது புலியின் பாதத்தில். அதுவும் தோலைத் தாண்டவில்லை. பிறகு நகத்தால் கிள்ளி எடுக்கும் அளவுக்குத்தான் பதிந்திருந்தது. நல்லவேளை, முன்பே பட்ட குண்டுகள் தம் வேலையை முடித்திருந்ததால் புலி அங்கேயே சாய்ந்தது.

அன்று கார்பெட்டைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். அடுத்தடுத்த ஆண்டுகளில் காப்பாற்றியது, அந்த வேட்டைக்காகவே அவருக்குப் பரிசாகக் கிடைத்த ஒரு துப்பாக்கி.

பரிசாக வந்த ரிக்பி

அப்போதைய ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹீவெட், கார்பெட்டுக்கு .275 ரிக்பி துப்பாக்கியைப் பரிசளித்தார். சம்பாவத் புலியைக் கொன்றதற்கான பாராட்டு என்று பொறித்த சிறு தகடு அதன் மரப்பிடியில் பதிக்கப்பட்டது. தாசில்தாருக்கும் ஒரு துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது. அது நிச்சயம் அவருக்குத் தேவைதான்!

.275 என்பது குழலின் விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் எண். மில்லிமீட்டரில் சொன்னால் 7. யானை, காட்டெருமை வேட்டைக்கென்று அந்தக் காலத்தில் லண்டனில் செய்யப்பட்ட .470, .500 போன்ற இரட்டைக் குழல் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டால் இது சிறுபிள்ளை. பெரியவை நாலரை, ஐந்து கிலோ எடை இருக்கும். சுட்டால் தோள்பட்டையில் இடி இறங்கும். ரிக்பியோ எடை குறைவு, உதைப்பும் குறைவு.

நம்பகம் என்றால் என்ன?

ஆபத்தான விலங்கின் முன்னால் ஒரு துப்பாக்கியை எப்படி நம்புவது? அந்தக் கால வேட்டைக்காரர்கள் சில விஷயங்களைக் கண்டிப்பாகப் பார்த்தார்கள்.

முதலாவது, இரண்டாவது குண்டு. இரட்டைக் குழல் துப்பாக்கியில் இரண்டு விசைகள், இரண்டு தனித்தனி இயக்கங்கள். ஒன்று காலை வாரினாலும் மற்றது தயாராக இருக்கும். ரிக்பியில் இருந்ததோ ஜெர்மனியின் மௌசர் அமைப்பு. ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டும். ஆனால், அதிலிருக்கும் அகலமான இரும்புக் கொக்கி தோட்டாவை இறுகப் பற்றிக்கொள்ளும். பதற்றத்தில் எப்படி இழுத்தாலும் காலித் தோட்டா வெளியே வந்து, அடுத்தது உள்ளே போய்விடும்.

இரண்டாவது, வெயில். வெப்பம் கூடினால் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தின் அழுத்தமும் கூடும். பித்தளை உறை விரிந்து குழலில் ஒட்டிக்கொண்டால் வெளியே எடுக்க முடியாது. அந்த நொடியில் துப்பாக்கி வெறும் தடிதான். அதனாலேயே இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்குமான பெரிய தோட்டாக்களை, உறையைப் பெரிதாக்கி அழுத்தம் குறைவாக இருக்கும்படி வடிவமைத்தார்கள்.

மூன்றாவது, குண்டின் தன்மை. புலிக்கு, உடலுக்குள் போய் விரியும் மென்முனைக் குண்டு. யானைக்கு, எலும்பைத் துளைத்து நேராகப் போகும் கெட்டிக் குண்டு. மாற்றிப் போட்டால், காயத்தோடு ஆத்திரமும் சேர்ந்த விலங்கு எதிரே நிற்கும்.

நாலாவதுதான் முக்கியம். துப்பாக்கி, பிடிப்பவரின் கைக்குப் பொருந்த வேண்டும். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட டபிள்யூ.டி.எம்.பெல், அவற்றில் பெரும்பாலானவற்றைச் சுட்டது இதே 7 மில்லிமீட்டர் ரகத் துப்பாக்கியால்தான். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்துக்கொண்டவர் அவர். குண்டின் பருமனைவிட அது போய்ச் சேரும் இடம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு கையில் முட்டை... மறு கையில் துப்பாக்கி!

1930 ஏப்ரல் 11. குமாவுன் மலையில் சௌகர் ஆட்கொல்லியைத் தேடி ஓர் ஓடைப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார் கார்பெட். பறவை முட்டைகள் சேகரிப்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வழியில் கிடைத்த இரண்டு பக்கிக்குருவி முட்டைகளை இடது கையில் பத்திரமாக ஏந்தியிருந்தார். ஒரு பெரிய பாறையைக் கடந்ததும் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். எட்டே அடி தூரத்தில் புலியின் முகம்!

வேகமாகத் திரும்பினால் பாய்ந்துவிடும். வலது கையால் மட்டும் துப்பாக்கியை மெள்ள, மிக மெள்ள முக்கால் வட்டம் சுற்றிக் கொண்டுவந்தார். கை முழுதாக நீண்டிருந்த நிலையில் விசையை அழுத்தினார். ஒரே குண்டு. புலியின் தலை முன்னங்கால்கள் மேல் சாய்ந்தது. முட்டைகள் உடையவில்லை. அவற்றைத் திரும்பவும் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

தாம் பிழைத்ததற்குக் கார்பெட் சொன்ன காரணங்களில் ஒன்று, கையிலிருந்த துப்பாக்கி எடை குறைந்தது என்பது. அவரிடம் .450/400 ரக இரட்டைக் குழல் துப்பாக்கியும் இருந்தது. அன்று அதை எடுத்துப் போயிருந்தால், ஒற்றைக் கையால் தூக்கியிருக்கவே முடியாது.

நம்மூர்க் காடுகளில்...

ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் துரத்திய பெங்களூரு கென்னத் ஆண்டர்சனும் தம் துப்பாக்கியை மாற்றியவரில்லை. அவருடைய .405 வின்செஸ்டர் 1895-ம் ஆண்டு மாடல். விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்துத் தள்ளிச் சுடுவது. அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனதும் இதே ரகம்தான்.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலி வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கார்பெட்டே பிற்காலத்தில் துப்பாக்கியைவிட கேமராவை அதிகம் நேசித்தார். 2021 அக்டோபரில் நீலகிரியில் ஆட்களைக் கொன்ற டி23 புலியை, சுமார் மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்தது வனத்துறை.

கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை. மருந்தின் அளவு சரியா, ஊசி சரியான இடத்தில் இறங்குமா, முதல் ஊசி தவறினால் அடுத்தது தயாரா? மயக்க ஊசித் துப்பாக்கியோடு புதருக்குள் நுழையும் கால்நடை மருத்துவரும் இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். சம்பாவத்தில் கார்பெட் அந்த ஓட்டைத் துப்பாக்கியின் குறையைக் கண்டது, புலிக்கு முன்னால் அதை உயர்த்தியபோதுதான். அதைப் புறப்படும் முன்பே பார்த்துவிடுவதுதான் நம்பகம்!