கார் கம்ப்யூட்டர் சொன்னால் கேட்கும் ஆம்ப்ளிஃபையர்!

காருக்குள் கம்ப்யூட்டர் என்பது புதிய ஆசை அல்ல. 1998-லேயே கிளாரியன் நிறுவனம் விண்டோஸ் சி.இ. ஓடும் 'ஆட்டோ பிசி' என்ற கார் செட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து லினக்ஸில் ஓடும் 'எம்பெக்' என்ற எம்பி3 பிளேயர் வந்தது. 2001-ல் வியா நிறுவனம் 17 செ.மீ. நீள அகலம் மட்டுமே உள்ள மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டை அறிமுகப்படுத்தியதும், வீட்டிலேயே கார் கம்ப்யூட்டர் செய்பவர்கள் பெருகினார்கள். 2012-ல் ராஸ்பெர்ரி பை வந்த பிறகு, உள்ளங்கை அளவு போர்டு ஒன்றை சீட்டுக்கு அடியில் வைத்தால் போதும். பாட்டு, மேப், ரிவர்ஸ் கேமரா என்று எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஆனால் இப்படிச் செய்பவர்களில் பலர் ஒரு சின்ன ஒயரில் வந்து மாட்டிக்கொள்வார்கள். ஆம்ப்ளிஃபையரை எப்போது ஆன் செய்வது, எப்போது ஆஃப் செய்வது என்பதைத் தீர்மானிக்கும் ஒயர் அது. அதைச் சரியாக இணைக்காவிட்டால் ஸ்பீக்கர் 'டப்' என்று அடிக்கும். அல்லது காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இந்தக் கட்டுரையில் அந்த ஒயரை கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில் கொண்டு வருவது எப்படி என்று பார்ப்போம்.

ரிமோட் ஒயர் என்றால் என்ன?

கார் ஆம்ப்ளிஃபையரின் பவர் பக்கத்தில் மூன்று டெர்மினல்கள் இருக்கும். ஒன்று பேட்டரி பிளஸ். இது ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து நேராக வரும். இரண்டாவது எர்த். மூன்றாவது 'ரிமோட்'. இந்த மூன்றாவது டெர்மினலுக்கு 12 வோல்ட் வந்தால் ஆம்ப்ளிஃபையர் விழித்துக்கொள்ளும், போனால் தூங்கிவிடும். இதற்குத் தேவையான கரண்ட் சில மில்லி ஆம்பியர்கள்தான்.

சாதாரண கார் ஸ்டீரியோவின் பின்பக்கம் வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயர் ஒன்று வரும். செட்டை ஆன் செய்தால் அதில் 12 வோல்ட் வரும். கடைகளில் கிடைக்கும் பல ஆண்ட்ராய்டு செட்டுகளிலும் இது உண்டு. அப்படி இருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை. ஆனால் ராஸ்பெர்ரி பையிலோ சாதாரண மதர்போர்டிலோ இந்த ஒயர் கிடையாது. நாம்தான் உருவாக்க வேண்டும்.

குறுக்கு வழிகள் ஏன் கூடாது?

முதல் குறுக்கு வழி, ரிமோட் ஒயரை பேட்டரி பிளஸ்ஸுடன் சேர்த்து முறுக்கிவிடுவது. மதுரையில் சுற்றுலா வேன் ஓட்டும் என் மாமாவின் வண்டியில் ஒரு கடைக்காரர் இப்படித்தான் செய்து கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை ராமேஸ்வரத்தில் நிறுத்திய வண்டி, ஞாயிறு விடியற்காலை செல்ஃப் அடித்தால் 'டிக் டிக்' என்றது. வந்திருந்தவர்கள் இறங்கித் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. பாட்டு ஓடாவிட்டாலும் விழித்திருக்கும் ஆம்ப்ளிஃபையர் 1 ஆம்பியர் வரை, சில சமயம் அதற்கு மேலும் இழுக்கும். அந்த வேனில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள். இரண்டுக்கும் சேர்த்து 2 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 36 மணி நேரத்தில் 72 ஆம்பியர் அவர் போய்விடும். நம் சின்னக் கார்களில் உள்ள பேட்டரியே 35 ஆம்பியர் அவர்தான். ஒரே ஆம்ப்ளிஃபையர் ஒரே இரவு விழித்திருந்தால்கூட 10 ஆம்பியர் அவர் காலி. மறுநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டுத்தாவணி வரை நெரிசலில் ஓட்டினால் அது திரும்ப ஏறாது. இரண்டு மூன்று நாட்களில் பேட்டரி படுத்துவிடும்.

இரண்டாவது குறுக்கு வழி, சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் ஆக்சசரி லைனில் ரிமோட் ஒயரை நேராகக் கொடுப்பது. பேட்டரி தப்பும், ஸ்பீக்கர் தப்பாது. சாவி போட்டவுடன் ஆம்ப்ளிஃபையர் விழித்துவிடும். கம்ப்யூட்டர் அப்போதுதான் பூட் ஆக ஆரம்பிக்கும்.

மூன்றாவது, கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் உள்ள மஞ்சள் ஒயரிலிருந்து (12 வோல்ட்) எடுப்பது. கம்ப்யூட்டர் ஆன் ஆனால் ஆம்ப்ளிஃபையரும் ஆன் என்பதால் பார்க்க நியாயமாகத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நொடியில் வந்து ஒரே நொடியில் போகின்றன. இதிலும் 'டப்' உண்டு.

'டப்' சத்தம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான சவுண்ட் சிப்களின் அவுட்புட்டில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். சிப்புக்கு பவர் வந்ததும் அந்தக் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும். அந்த நேரத்தில் ஒரு பெரிய துடிப்பு ஸ்பீக்கர் லைனில் போகும். பவர் போகும்போதும் இதே கதை எதிர்த்திசையில் நடக்கும். ஹெட்போனில் இது 'டிக்' என்று கேட்கும். நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் வழியாகப் போனால் கதவே அதிரும். தினமும் பலமுறை இப்படி அடி வாங்கினால் சின்ன ட்வீட்டர்கள் நீண்ட நாள் தாங்காது.

ஆகவே நம் விதி ஒன்றே ஒன்றுதான்: ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆன் ஆக வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் ஆஃப் ஆக வேண்டும். கீழே செய்யப்போகும் எல்லா வேலையும் இந்த ஒரு விதிக்காகத்தான்.

தேவையான பொருட்கள்

* 12 வோல்ட் காயில் உள்ள சின்ன ரிலே - 1
* பி.சி.547 டிரான்சிஸ்டர் - 1
* 1என்4007 டயோடு - 1
* 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் - ஒவ்வொன்று
* பி.சி.817 ஆப்டோகப்ளர் - 1
* 1 ஆம்பியர் ஃபியூஸ், அதற்கான ஹோல்டர்

டவுன்ஹால் ரோடு பக்கம் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இவை எல்லாமே சாதாரணமாகக் கிடைக்கும் பொருட்கள்தான்.

இணைப்பது எப்படி?

முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். வாரண்டி உள்ள கார் என்றால் கம்பெனி ஒயரை வெட்டாதீர்கள். ஃபியூஸ் பாக்ஸில் செருகும் 'ஃபியூஸ் டேப்' வாங்கி, ஆக்சசரி ஃபியூஸிலிருந்து லைன் எடுங்கள்.

1. ஆக்சசரி லைனை 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 'காமன்' காலுக்கும், காயிலின் ஒரு முனைக்கும் கொடுங்கள்.

2. ரிலேயின் 'நார்மலி ஓப்பன்' காலிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் ரிமோட் டெர்மினலுக்கு ஒயர் இழுங்கள்.

3. காயிலின் மறுமுனையை டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குக் கொடுங்கள். எமிட்டரை எர்த் செய்யுங்கள். பையின் எர்த்தும் இதே எர்த்தோடு சேர வேண்டும்.

4. காயிலுக்குக் குறுக்கே டயோடைப் போடுங்கள். கோடு உள்ள முனை 12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். ரிலே ஆஃப் ஆகும்போது காயிலில் எழும் அதிக வோல்டேஜ் டிரான்சிஸ்டரை எரித்துவிடாமல் இது காக்கும்.

5. ராஸ்பெர்ரி பையின் ஜி.பி.ஐ.ஓ. 17-ஐ (11-வது பின்) 1 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 10 கிலோ ஓம் போடுங்கள்.

6. சாவி போட்டிருக்கிறதா என்று பைக்குத் தெரிய வேண்டும். ஆக்சசரி லைனை 1.5 கிலோ ஓம் வழியாக ஆப்டோகப்ளரின் எல்.ஈ.டி. பக்கத்துக்குக் கொடுங்கள், எல்.ஈ.டி.யின் மறுமுனை எர்த்துக்கு. மறுபக்கத்தில் கலெக்டரை ஜி.பி.ஐ.ஓ. 27-க்கும், எமிட்டரை எர்த்துக்கும் இணையுங்கள். புரோகிராமில் 27-க்கு 'புல் அப்' போட்டுவிட்டால், சாவி ஆனில் இருக்கும்போது அந்தப் பின் 0 காட்டும். ஆஃப் ஆனால் 1 காட்டும்.

17-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பையில் 0 முதல் 8 வரையுள்ள பின்கள் பவர் வந்ததும் தாமாகவே மேல்நிலைக்கு இழுக்கப்படும். 9 முதல் 27 வரையுள்ளவை கீழ்நிலையில் இருக்கும். ஆகவே பூட் ஆகும்போது ரிலே தானாக ஆன் ஆகாது. கடைகளில் ரெடிமேடாகக் கிடைக்கும் ரிலே மாட்யூல் வாங்குவதானால், பின் 0 ஆனால் ஆன் ஆகும் வகையைத் தவிர்த்து, பின் 1 ஆனால் ஆன் ஆகும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ரிலேயை ஏன் பேட்டரியிலிருந்து கொடுக்காமல் ஆக்சசரியிலிருந்து கொடுத்தோம்? கம்ப்யூட்டர் என்றால் ஒருநாள் ஹேங் ஆகத்தான் செய்யும். 17-வது பின் 1-லேயே நின்றுவிட்டாலும், சாவியைத் திருப்பிய அந்த நொடியே ரிலே விழுந்துவிடும், ஆம்ப்ளிஃபையரும் போய்விடும். அதாவது 'முதலில் போக வேண்டும்' என்ற பாதி விதியை ஒயரிங்கே நிறைவேற்றிவிடுகிறது. மீதிப் பாதிதான் புரோகிராமின் வேலை.

புரோகிராம் என்ன செய்ய வேண்டும்?

பைதான் தெரிந்தவர்களுக்கு இருபது வரிகள் போதும். வரிசை இதுதான்:

அ) ஆரம்பித்ததும் 17-ஐ 0 ஆக்கு.
ஆ) சவுண்ட் தயாராகி 3 விநாடிகள் ஆகும் வரை காத்திரு. சாவி ஆனில் இருந்தால் 17-ஐ 1 ஆக்கு.
இ) சாவி லைன் போனால் உடனே 17-ஐ 0 ஆக்கு.
ஈ) 10 விநாடிக்குள் சாவி லைன் திரும்ப வந்தால், 3 விநாடி கழித்து மறுபடி 1 ஆக்கு. வராவிட்டால் ஷட்டவுன் செய்.

நான்காவது வரி எதற்கு? செல்ஃப் அடிக்கும்போது பல கார்களில் ஆக்சசரி லைன் ஓரிரு விநாடிகள் போய்வரும். அதற்கெல்லாம் கம்ப்யூட்டர் ஷட்டவுன் ஆகக்கூடாது அல்லவா?

இந்தப் புரோகிராமை லினக்ஸின் 'சிஸ்டம்டி' சர்வீஸாக, சவுண்ட் சர்வீஸுக்குப் பிறகு ஆரம்பிக்கும்படி எழுதுங்கள். சிஸ்டம்டி எந்த வரிசையில் ஆரம்பிக்கிறதோ அதற்கு நேர் எதிர் வரிசையில் நிறுத்தும். கடைசியில் வந்தது முதலில் போகும். நமக்கு வேண்டியதும் அதுதான்! சர்வீஸ் நிற்கும்போது 17-ஐ 0 ஆக்க ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்.

ஷட்டவுன் ஆன பிறகும் பை கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் பைக்கு 5 வோல்ட் தரும் கன்வெர்ட்டரை பேட்டரியோடு நேராக இணைக்காமல், சாவி எடுத்து ஒரு நிமிடம் கழித்துத் துண்டிக்கும் டைமர் ரிலே வழியாக இணையுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

மினி ஐ.டி.எக்ஸ். போர்டில் விண்டோஸ் ஓட்டுபவர்கள், எம்2-ஏ.டி.எக்ஸ். போன்ற கார் பவர் சப்ளை வைத்திருந்தால் வேலை சுலபம். 6 முதல் 24 வோல்ட் வரை தாங்கும் இந்த சப்ளை, சாவி எடுத்ததும் மதர்போர்டை ஷட்டவுன் செய்யச் சொல்லும். ஆம்ப்ளிஃபையர் ரிமோட்டுக்கென்றே 'டப்' சத்தம் தவிர்க்கும் தனி அவுட்புட்டும் இதில் உண்டு. வேறு சப்ளை என்றால் யு.எஸ்.பி. ரிலே போர்டு ஒன்று வாங்கி, டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் ஆகி 30 விநாடி கழித்து அதை ஆன் செய்யும்படி வையுங்கள். கம்ப்யூட்டர் தூங்கும்போதும் பல மதர்போர்டுகளில் யு.எஸ்.பி.யில் 5 வோல்ட் நிற்கும். ரிலேயும் ஆனிலேயே நின்றுவிடலாம். அதனால் இங்கும் ரிலேயின் 'காமன்' கால் ஆக்சசரி லைனில்தான் இருக்க வேண்டும். பழைய போர்டில் உள்ள பிரிண்டர் போர்ட்டைப் பயன்படுத்த நினைப்பவர்கள், பூட் ஆகும்போது அந்த பின்கள் தாமாகவே மேலும் கீழும் ஆடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு

சித்திரை வெயிலில் மதுரையில் 40 டிகிரி என்பது சாதாரணம். கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60-ஐத் தொடும். பை 4-ன் பிராசஸர் 80 டிகிரியை நெருங்கினாலே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே டேஷ்போர்டு மேல் வைக்காதீர்கள். காற்றோட்டம் உள்ள பெட்டியில், சீட்டுக்கு அடியில் வையுங்கள். மேடுபள்ளமான கிராமச் சாலைகளில் ஓடும் வண்டி என்றால் திருகி மாட்டும் இணைப்புகள் தளர்ந்துவிடும். சால்டர் செய்யுங்கள், அல்லது லக் வைத்து நசுக்குங்கள்.

சோதித்த பிறகே ஆம்ப்ளிஃபையர்

ரிமோட் ஒயரை உடனே ஆம்ப்ளிஃபையரில் மாட்டாதீர்கள். அதற்குப் பதில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் ஒரு எல்.ஈ.டி.யை அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள்.

* சாவி போட்டதும் எரியக்கூடாது. கம்ப்யூட்டர் தயாரான பிறகே எரிய வேண்டும்.
* செல்ஃப் அடிக்கும்போது அணைந்து, சில விநாடி கழித்து எரிய வேண்டும்.
* சாவி எடுத்தவுடன் அணைய வேண்டும்.
* புரோகிராமை வேண்டுமென்றே பாதியில் நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்தாலும் அணைய வேண்டும்.

நான்கும் சரியாக இருந்தால் ஆம்ப்ளிஃபையரை மாட்டுங்கள். வண்டியைப் பூட்டி ஐந்து நிமிடம் கழித்து, பேட்டரி மைனஸில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வரிசையாக இணைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. மீட்டர் இணைந்திருக்கும்போது மட்டும் யாரையும் செல்ஃப் அடிக்க விடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 1 ஆம்பியர், 2 ஆம்பியர் என்று காட்டினால் ஏதோ ஒன்று தூங்கவில்லை என்று அர்த்தம். ரிமோட் ஒயரிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.