உயரமும் தழும்பும்கூட எழுதியிருக்கும்

"எங்க பூட்டன் ஆண்டிமடம் பக்கம்" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒருவர் கிளம்பி வந்தால், அவரிடம் முதலில் கேட்க வேண்டியது பூட்டனின் எண். 1860 நவம்பர் 16-ல் ஒப்பந்தக் கூலிகளோடு 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் உள்ள நேட்டாலுக்கு அப்படிக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு எண். எண் தெரிந்தால் கப்பல் பட்டியலில் ஒரு வரி அகப்படும்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு.

ஆண்டிமடம் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறதே என்று அரியலூரைத் தேடினால் அந்த வரி சிக்காது. பெரம்பலூர் மாவட்டம் பிறந்ததே 1995-ல். அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, மறுவருஷமே மறுபடி சேர்ந்து, 2007-ல்தான் தனியாக நிலைத்தது. கப்பல் போன காலத்தில் இந்தப் பகுதி திருச்சிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்களைக் கண்ணால் பார்ப்பதைவிட வாய்விட்டுப் படித்தால் புரியும்.

ஊருக்கு வந்த பிறகுதான் சிக்கல். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் நிலத்தின் கணக்கு. கப்பல் ஏறியவர்களில் பலருக்குக் காணி நிலம் கிடையாது. ஊர்க்கணக்கில் ஒரு வரிகூட இல்லாத ஆளின் முழங்கால் தழும்புவரை எழுதிவைத்தது, அவனைக் கூலிக்கு ஏற்றிக்கொண்டுபோன அரசாங்கம்! பெண்கள் விஷயமும் இதேதான்.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கொஞ்சம் அதிர்ஷ்டம். வரதராசன்பேட்டை, தென்னூர் போன்ற பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். குழந்தையின் பெயரோடு தாய், தகப்பன், ஞானப்பெற்றோர் பெயரும் எழுதுவது வழக்கம். தாயின் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கிற ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், நாலு பேருக்கும் ஒரே தாய் இருக்க முடியாதே.

மற்றவர்களுக்குக் குலதெய்வம்தான் கதி. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டில் பங்காளி வீடுகள் வரிசையாக இருக்கும். பழைய நோட்டு பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. ஆனால் வரி கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று அங்கே உள்ள பெரியவர்கள் தடுமாறாமல் சொல்வார்கள். அதற்கு முன் அவர்கள் ஒன்று கேட்பார்கள்: "உங்க வீட்ல எந்த சாமி கும்பிடுறீங்க?" மாரியம்மன் என்றால் ஒன்றுக்கும் ஆகாது, அவள் எல்லா ஊரிலும் இருக்கிறாள். ஐயனாரோ வீரனாரோ, எந்த ஏரிக்கரைச் சாமி என்பதோடு சொன்னால் வீட்டுக்கே வழி காட்டிவிடுவார்கள்.