தொண்டரின் தீர்ப்பு

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது, நவம்பர் மாதத்தில் இரு பெரிய கட்சிகளின் அபேட்சகர்களும் நேருக்கு நேர் மோதும் இறுதிப் போட்டிதான். ஆனால், ஜனநாயகக் கட்சியைத் தம் கட்சியாகப் பாவித்து, ஒரு காசும் ஊதியம் பெறாமல் அதற்காக வீடு வீடாக ஏறி இறங்கும் சாமானியத் தொண்டருக்கு, அந்தப் போட்டியைக் காட்டிலும், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கட்சியின் சார்பில் நிற்கப்போகிறவர் யார் என்பதை நிர்ணயிக்கும் பூர்வாங்கத் தேர்தலே பெரிது. நவம்பரில் அவர் தம் கட்சி நிறுத்தியவரை ஆதரிக்கிறார். பூர்வாங்கத் தேர்தலிலோ, தம் கட்சி எப்படி இருக்கவேண்டும் என்பதையே சொல்லுகிறார்.

இந்த உரிமை அவருக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1968-ஆம் ஆண்டில் வியட்நாம் யுத்தம் உச்ச நிலையில் இருந்தபோது, ஜனாதிபதி லிண்டன் ஜான்சனை அவருடைய கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்றார் மின்னசோட்டா மாநிலத்து செனட்டர் யூஜீன் மெக்கார்த்தி. அவருக்காக நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பனியில் நடந்து வாக்குக் கேட்கப் புறப்பட்ட மாணவர்கள், வீட்டிலுள்ள பெரியவர்கள் தங்களைக் கண்டு முகம் சுளிக்கக்கூடாது என்பதற்காக, நீளமாக வளர்த்திருந்த தலைமுடியைக் கத்தரித்து, தாடியையும் மழித்துக்கொண்டார்கள். மெக்கார்த்திக்கு அங்கே சுமார் 42 சதவிகித வாக்குகள் கிடைத்தன. அந்த வாக்கெடுப்பு நடந்த மாதம் முடிவதற்குள், தாம் மறுபடியும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார்.

எனினும் அந்த மாணவர்களின் பிரயாசைக்குப் பலன் கிட்டவில்லை. யுத்த எதிர்ப்பாளர்களின் மற்றொரு நம்பிக்கையாக விளங்கிய ராபர்ட் கென்னடி ஜூன் மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ நகரில் கூடிய கட்சி மகாநாடு, பூர்வாங்கத் தேர்தல்களில் போட்டியிடாமலே இருந்த உப ஜனாதிபதி ஹ்யூபர்ட் ஹம்ப்ரியை அபேட்சகராக்கியது. மண்டபத்துக்குள் கட்சிப் பிரமுகர்களின் கை ஓங்கியிருக்க, வெளியே தெருக்களில் யுத்தத்தை எதிர்த்த இளைஞர்கள் போலீஸாரின் தடியடிக்கு ஆளாயினர். நவம்பரில் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்ஸன் ஜெயித்தார்.

அந்த அவமானத்திலிருந்துதான் சீர்திருத்தம் பிறந்தது. செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் 1969-இல் அமைக்கப்பட்ட கமிஷன், மகாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகளை ஒரு சிலர் கதவை மூடிக்கொண்டு பொறுக்கி எடுக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டி, கட்சியினர் அனைவரும் பகிரங்கமாகப் பங்கு கொள்ளவேண்டும் என்று விதித்தது. 1972 முதல் தொண்டரின் சொல் அம்பலம் ஏறலாயிற்று.

அந்த ஆண்டு முதல் நெடுங்காலம் முதல் தீர்ப்பு அளித்து வந்தது அயோவா மாநிலம். குளிர்கால இரவில், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்திலோ தேவாலயத்திலோ அண்டை அயலார் கூடி, ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு மூலை என்று வகுத்துக்கொண்டு, தங்களுக்கு உகந்தவரின் மூலையில் போய் நிற்பார்கள். தலைகள் எண்ணப்படும். பொதுவாக 15 சதவிகிதம் தேறாத கூட்டத்தார் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம் என்பது விதியாக இருந்தது. உடனே மற்ற மூலைக்காரர்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு, எங்கள் பக்கம் வாருங்கள் என்று வாதாடுவார்கள். இரவு வேலைக்குப் போகிறவருக்கும், கைக்குழந்தையை விட்டு வர இயலாத தாய்க்கும் இந்த முறையில் இடமில்லாமல் இருந்தது என்ற குறை நியாயமானதே. ஆனாலும், தம் அபிப்பிராயத்தை அடுத்த வீட்டாரின் முகத்துக்கு நேரே நின்று சொல்லும் பழக்கம் ஜனநாயகத்துக்கு எத்தனை நல்ல பயிற்சி!

அந்தக் கூடத்தில் நின்றவரின் உள்ளத்தை அலைக்கழித்த கேள்வி ஒன்று உண்டு. மனத்துக்குப் பிடித்தவரை ஆதரிப்பதா, எதிர்க்கட்சியைத் தோற்கடிக்க வல்லவர் என்று ஊரார் சொல்பவரை ஆதரிப்பதா? 2004-இல் ஈராக் யுத்தத்தை உரத்த குரலில் எதிர்த்த ஹோவர்ட் டீன், இணையத்தின் வழியே சிறு சிறு நன்கொடைகளைத் திரட்டி முன்னணியில் இருந்தார். ஆயினும், போர்முனையில் பதக்கம் பெற்ற ஜான் கெர்ரியால்தான் அப்போதைய ஜனாதிபதி புஷ்ஷை வெல்ல முடியும் என்று பலரும் எண்ணியதால், அயோவாவில் டீன் மூன்றாம் ஸ்தானத்துக்குத் தள்ளப்பட்டார். கெர்ரியும் நவம்பரில் தோற்றார். 2008-இல், வெள்ளையர் மிகுந்த அயோவாவில் ஒரு கறுப்பர் எடுபடுவாரா என்று ஐயுற்றவர்கள் ஏராளம். அங்கே முந்தைய முறையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மக்கள் திரண்டு வந்து பராக் ஒபாமாவை முதலிடத்தில் நிறுத்தினார்கள். அவர் ஜனாதிபதியும் ஆனார்.

லட்சியத்தின் பக்கம் நின்றால் வெற்றி நிச்சயம் என்று இதனால் சொல்லிவிட முடியாது. 1972-இல் தொண்டர்கள் நெஞ்சார ஆதரித்த மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோல்வி கண்டார். வெல்லக்கூடியவர் என்ற கணக்கில் பலர் தேர்ந்தெடுத்த ஜோ பைடன் 2020-இல் வென்றார். பிறர் மனத்தை ஊகிக்கும் கணக்கு சில சமயம் பலிக்கிறது, சில சமயம் பொய்க்கிறது. நாளை நடப்பதை அறிந்தவர் எவருமில்லை. ஆனால், எது நியாயம் என்று தமக்குத் தோன்றுவதை ஒவ்வொருவரும் அறிவார். ஊகத்துக்காக அதை விட்டுக்கொடுப்பவர், தாமும் வாய் திறவாமல், தாம் பின்பற்றுவதாக நினைக்கும் அயலாரையும் வாய் திறவாதபடி செய்துவிடுகிறார்.

கட்சித் தலைமைக்கும் இதில் கடமை உண்டு. கவர்னர்கள், காங்கிரஸ் உறுப்பினர்கள் முதலிய பிரமுகர்களுக்கு 1984 முதல் மகாநாட்டில் தனி வாக்குரிமை இருந்தது. அந்த உரிமையைப்பற்றி 2016-இல் எழுந்த மனக்கசப்புக்குப் பின், போட்டி இருக்குமானால் முதல் சுற்றில் அவர்கள் வாக்களிக்கலாகாது என்று 2018-இல் விதி திருத்தப்பட்டது. 2024-இல் பூர்வாங்கத் தேர்தல்கள் முடிந்த பின்னர், ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலக, சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸை மகாநாட்டுப் பிரதிநிதிகளே அபேட்சகராக்கினார்கள். காலத்தின் நெருக்கடி மெய்தான். அவருடைய தகுதியும் மெய்தான். ஆயினும், கோடிக்கணக்கான கட்சியினர் அவரைப்பற்றித் தங்கள் தீர்ப்பைக் கூறும் வாய்ப்பு அந்த ஆண்டு கைநழுவிப் போயிற்று என்பதும் மெய்யே.

கதவைத் தட்டுவதற்கும் தொலைபேசியில் பேசுவதற்கும் மட்டும் தொண்டரை அழைத்து, தீர்மானிக்கும் வேளையில் அவரை ஒதுக்கி வைக்கும் கட்சி, நாளடைவில் அந்த உழைப்பையும் இழந்துவிடும். தொண்டரும் தமக்குக் கிடைத்திருக்கும் தீர்ப்புரிமையை, ஜெயிக்கப்போவது யார் என்ற ஆரூடத்தில் வீணாக்காமல், ஜெயிக்கவேண்டியவர் யார் என்று துணிந்து சொல்வதற்கே பயன்படுத்தவேண்டும்.